சவப்பெட்டி மேல் சாவிக்கொத்து

ராபன்டால் கோட்டை,
நவம்பர், மார்ட்டின் திருநாள் கழிந்த வாரம், 1641

என்மேல் என்றும் அன்பு குறையாத ஹெட்விக் அக்காவுக்கு, தங்கை ஸிபில்லா வணக்கத்துடன் எழுதுவது.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? கடலோரத்தில் இந்த மாதம் காற்று பேயாக அடிக்கும். உன் மார்ச்சளியைக் கவனித்துக்கொள். இங்கே நானும் பிள்ளை யோஸ்டும் உடம்பளவில் நலம். மனசைப் பற்றி நீ கேட்கவே வேண்டாம், நானே சொல்லப் போகிறேன்.

என் கணவர் போய்ச் சேர்ந்த செய்தி இதற்குள் உனக்கு எட்டியிருக்கும். வாளும் இல்லை, குண்டும் இல்லை, பாசறைக் காய்ச்சல். சொந்தச் செலவில் ஒரு குதிரைப்படையைத் திரட்டிக்கொண்டு போனார். பேர் வாங்கப் போகிறேன் என்றார். வைக்கோல் வண்டியில் திரும்பி வந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கடன்காரர்கள் வந்தார்கள். குதிரைக்குக் கடன், சேணத்துக்குக் கடன், சிப்பாய் போட்டிருந்த சட்டைக்குக் கடன். அழுவதற்குக்கூட என்னை விடவில்லை அக்கா. இருந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுத்தான் போனார். மகனுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை ஸிபில்லாவே அவனை வளர்த்து, அவன் பெயரில் இந்தச் சீமையை ஆள வேண்டும் என்று உயிலில் எழுதியிருக்கிறார். யோஸ்டுக்கு இப்போது ஐந்து வயது. பதின்மூன்று வருஷம் தள்ளவேண்டும். தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இனி அடக்கத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த ஊர் வழக்கம் ஒன்று உனக்குத் தெரியவேண்டும். நம் கடலோரத்தில் அது கிடையாது. இங்கே கணவனின் கடனைச் சுமக்க முடியாத கைம்பெண், அடக்கத்தின்போது வீட்டுச் சாவிக்கொத்தை அவன் சவப்பெட்டி மேல் வைத்துவிடலாம். வைத்தால் அவளுக்கும் அந்த வீட்டுக்கும் உறவு அறுந்தது. உடுத்திய துணியோடு போய்விடவேண்டியதுதான். கடன்காரன் அவளைத் தொட முடியாது. அவளும் வீட்டுப் படியைத் திரும்ப மிதிக்க முடியாது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் தோல் பதனிடுபவன் ஒருவனின் மனைவி அப்படிச் செய்ததை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். சின்னப் பெண். சாவியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பற்கள் கிடுகிடுக்கும் குளிர். பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதாகத் தெரியவில்லை. என் துக்க உடை பழைய பச்சை உடைக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியது, இடுப்பில் சாவி மாட்ட வளையம் இல்லை. அதனால் கொத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். கல்லறைக் குழி திறந்து கிடந்தது. அதன் ஓரத்தில் சவப்பெட்டி. நான் கடைசி விடை சொல்லச் சவப்பெட்டி அருகே போய் நின்றேன். யோஸ்ட் எதிர்ப்பக்கம் அவன் சித்தப்பா வோல்ராடின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவின் துக்க அங்கியை வெட்டி அவனுக்குத் தைத்திருந்தோம், தரையில் இழுபட்டது. அதில் கால் தடுக்கி, குழி வாயில் தலைகுப்புற விழப்போனான். கையிலிருந்ததைச் சவப்பெட்டி மேல் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவனைப் பிடித்தேன். பயத்தில் வாந்தி எடுத்தான். தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது பெட்டியைக் கீழே இறக்கியிருந்தார்கள். சாவிக்கொத்து அதன்மேல் இருந்தது. தூக்கியவர்கள் அதைத் தொடப் பயந்திருக்கிறார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் எல்லாம் குனிந்து நின்றார்கள். நானோ குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வோல்ராட், அண்ணனுக்காகத் தனியாகச் செபம் செய்யவேண்டும் என்று தேவாலயத்திலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலையில் கொத்தர்கள் குழியைக் கல் பலகையால் மூடினார்கள். அதன்பிறகுதான் கொழுந்தன் என்னைப் பார்க்க வந்தார். உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, "நல்ல முடிவு எடுத்தீங்க அண்ணி, இந்தக் கடனெல்லாம் ஒரு பொம்பளை தாங்கக்கூடியதா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த முடிவு என்று கேட்டேன். "ஊரே பார்த்துச்சே. சாவிய வச்சுட்டீங்க. வீட்டை விட்டவங்க சீமையை ஆள முடியாது இல்லையா? யோஸ்டை நான் என் பிள்ளை மாதிரி வளர்க்கறேன். நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போக வண்டி தர்றேன்" என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

குழந்தை விழப்போனான், அதற்காகத்தான் வைத்தேன் என்று சொன்னேன். அப்படியானால் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள், நான் சாவியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். செத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிறார். பாதிரியாரோ, இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் திறக்கலாம் என்கிறார்.

இப்போது நிலைமை என்னவென்றால், சீமையின் முத்திரை இருக்கும் அலமாரி பூட்டிக் கிடக்கிறது. மாவுக் கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. பூட்டுக் கொல்லனைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சமையல்காரி உர்சல், "உப்பு உள்ள இருக்கு, நாம வெளிய இருக்கோம், யாரு அடக்கம் ஆனதுன்னே தெரியலம்மா" என்கிறாள். முள்ளங்கியும் வாத்து இறைச்சியுமாக நாள் ஓடுகிறது, அதுவும் உப்பில்லாமல்.

அத்தானுக்குச் சட்டம் தெரிந்த நண்பர்கள் இருப்பார்கள். குழந்தையைப் பிடிக்கச் சாவியை விட்டவளுக்கு அந்த வழக்கம் பொருந்துமா என்று கேட்டு எழுதச் சொல். சீமை போனாலும் போகட்டும் அக்கா. பிள்ளையை என்னிடமிருந்து பிரித்து விடுவார்களோ என்றுதான் பயம். வோல்ராடின் வீட்டுக்கு வளரப் போன அவர் மைத்துனன் மகன் இரண்டு வருஷத்தில் குதிரையிலிருந்து விழுந்து செத்தான் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். குதிரைதான் தள்ளியிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ஸிபில்லா


ராபன்டால்,
கிறிஸ்து பிறப்புக்கு முந்தின வாரம்

அன்பில் எனக்குத் தாயும் ஆகிவிட்ட அக்காவுக்கு,

உன் கடிதம் கம்பளி வியாபாரிகளோடு வந்து சேர்ந்தது. அத்தானின் நண்பர் எழுதியதையும் படித்தேன். இரண்டு பக்கமும் பேசலாம் என்கிறார். இதைச் சொல்ல அவர் அவ்வளவு வருஷம் படித்திருக்க வேண்டாம். நீ அனுப்பிய உப்பிட்ட மீனுக்கு உர்சல் உன்னை வாழ்த்துகிறாள். ஒரு மாதமாக உப்பைக் கண்ணில் காணாதவள், மீனை வேகவைப்பதற்கு முன்னால் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

கடல் பார்த்த மேல் அறையைச் சுத்தம் செய்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. சின்ன வயதில் அந்த ஜன்னல் படியில் உட்கார்ந்து நாம் இருவரும் படகுகளுக்குப் பெயர் வைப்போமே, அது ஞாபகம் வந்து கொஞ்சம் அழுதேன். நன்றாக இருந்தது.

இங்கே வோல்ராட் போகவே இல்லை. தன் காரியக்காரனையும் வரவழைத்துக்கொண்டார். துக்க வீட்டைப் பார்த்துக்கொள்கிறாராம். என் வாத்துகளைத் தின்கிறார். யோஸ்டுக்கு ஒரு குட்டிக் குதிரை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குதிரை என்றதும் எனக்கு அந்த மைத்துனன் மகன் ஞாபகம் வந்தது. ஆனால் பிள்ளை அதன் பக்கமே போகவில்லை. இப்போதெல்லாம் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறான். நான் அடுத்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறான். அம்மா எங்கேயும் போகமாட்டேன்டா என்று சொன்னால், என் முகத்தை உற்றுப் பார்க்கிறான். அப்பா போன துக்கம் என்று உர்சல் சொல்கிறாள்.

போன வாரம் சுவீடன் படைக்குத் தங்குமிடம் தேடி ஒரு அதிகாரி வந்தான். முந்நூறு ஆட்களை ஊருக்குள் இறக்கினால் வசந்தத்துக்குள் விதைத் தானியம்கூட மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். வோல்ராட் தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான் போய்ப் பேசினேன். வைக்கோலும் ஓட்ஸும் தருகிறேன், ஆட்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும் மடத்தில் வையுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்டேன். முத்திரை எங்கே என்று கேட்டான். அதன் சாவி என் கணவரோடு அடக்கமாகிவிட்டது என்று உண்மையையே சொன்னேன். அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டான். ஊர்க்காரர்கள் மறுநாள் வாசலில் ஒரு கூடை ஆப்பிளும் ஒரு கட்டி வெண்ணெயும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சாவியை வைத்தவள் அல்லவா நான். ஆவி நடமாடுவது போல என்னைப் பார்த்து ஒதுங்குகிறார்கள்.

இன்னொரு விஷயம். செவ்வாயன்று உர்சல் கோபமாக வந்தாள். வோல்ராடின் காரியக்காரன் பாதாள அறையிலிருந்து ரைன் மதுவைக் குடம் குடமாக எடுத்துக்கொண்டு போகிறானாம். "பூட்டை ஒடைக்கலம்மா, அழகாத் தொறந்து, அழகாப் பூட்டிட்டுப் போறான். வெக்கங்கெட்டவன் எனக்கு வணக்கம் வேற சொல்றான்" என்றாள். வெளியூரிலிருந்து கொல்லனை வரவழைத்துச் சாவி செய்திருப்பார்கள் போலிருக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது. நான் யாரிடம் போய்ச் சொல்ல?

விசாரணைக்கு நாள் வைத்துவிட்டார்கள். ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும். பக்கத்துச் சீமைப் பிரபு ரைன்ஹார்ட் தீர்ப்புச் சொல்வார். எழுபது வயது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் நேர்மையானவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டுவிட்டோம். கடன்காரர்களும் வரப்போகிறார்கள். யார் தலையில் கடன் விடியும் என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமே.

அங்கே என்னைச் சத்தியம் செய்யச் சொல்வார்களாம். மூன்று விரலை உயர்த்தி, பிள்ளை விழப்போனதால்தான் சாவியை வைத்தேன், வேறு எண்ணம் என் மனசில் இல்லை என்று கடவுள் முன்னால் சொல்லவேண்டும். சொன்னால் முடிந்தது, பிள்ளை எனக்கு.

நீ உன் கடிதத்தின் கடைசியில், நிஜமாகவே அப்படித்தானா ஸிபில்லா என்று ஒரு வரி கேட்டிருக்கிறாய். நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான்.

அப்படித்தான் அக்கா. அவன் தடுக்கினான், நான் வைத்தேன். அல்லது இரண்டும் ஒரே நேரத்தில். அன்றைக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. பாதிரியார் என் கணவரின் வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் குதிரைத் தரகர் காலையில் கத்திவிட்டுப் போனதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சாவிக்கொத்து என்ன கனம் என்று உனக்குத் தெரியாது. இருபத்தேழு சாவி. கை மரத்துப் போயிருந்தது. தோல் பதனிடுபவன் மனைவி நினைவுக்கு வந்தாள், இப்போது எங்கே இருப்பாளோ என்று தோன்றியது. அப்புறம் பிள்ளை குழி ஓரத்தில் இருந்தான். நடுவில் என்ன நடந்தது என்று எத்தனை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பொய்ச் சத்தியத்தைக் கடவுள் மன்னிப்பதில்லை என்று நம் அப்பா சொல்வார். மன்னிக்காவிட்டால் என்னைத்தானே, பிள்ளையை இல்லையே என்று ஒரு நேரம் நினைக்கிறேன். பிள்ளைமேல் இறங்கினால் என்று மறு நேரம் நினைக்கிறேன்.

எனக்காக வேண்டிக்கொள். மேல் அறை இருக்கட்டும், எப்படியும் தேவைப்படலாம்.

கலங்கிய மனதுடன்,
உன் ஸிபில்லா


ராபன்டால்,
ஜனவரி முடிகிற வாரம், 1642

கடவுளுக்கு அடுத்தபடி நான் நம்பும் அக்காவுக்கு,

முதலில் நீ தெரிந்துகொள்ளவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யோஸ்ட் என்னோடுதான் இருக்கிறான். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியில் பிளம் பாகைத் தடவுகிறான், மேஜைக்கும் சேர்த்துத் தடவுகிறான். இனி மெதுவாகப் படி.

விசாரணை எங்கள் பெரிய கூடத்தில் நடந்தது. பனியில் பிரபு ரைன்ஹார்ட் தாமதமாக வந்தார். வந்ததும் காலைக் கணப்பின் பக்கம் நீட்டிக்கொண்டு, "சூடா எதாவது குடுங்கம்மா, அப்புறம் சண்டை போடலாம்" என்றார். கடன்காரர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் பிராங்க்பர்ட் துணி வியாபாரியும் குதிரைத் தரகரும். ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். வோல்ராட் புதுக் கறுப்பு வெல்வெட் சட்டையில் வந்தார்.

அவர்தான் முதலில் பேசினார். வழக்கம் எவ்வளவு பழையது, பெண்களுக்கு எவ்வளவு இரக்கமுள்ளது என்று நீட்டி முழக்கினார். நான் என் கதையைச் சொன்னேன். பெரியவர் ரைன்ஹார்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேதப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். "சத்தியம் பண்ணிடும்மா, எல்லாரும் சாப்பிடப் போகலாம்" என்றார்.

எழுந்தேன். இடது கையைப் புத்தகத்தின்மேல் வைத்தேன். வலது கையில் மூன்று விரலை உயர்த்தினேன். வாய் திறக்கவில்லை அக்கா. கூடம் முழுக்க என்னையே பார்த்தது. அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் தயங்குவதைப் பார்த்து வோல்ராடுக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. பேசாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. "பார்த்தீங்களா, சொல்ல முடியல. அவங்க மனசார வச்ச சாவி இது" என்று சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் போட்டார். கணீரென்று விழுந்தது. என் சாவிக்கொத்து. கல் பலகைக்கு அடியில், என் கணவர் நெஞ்சின்மேல் கிடக்கிறது என்று இரண்டு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்த கொத்து. "அன்னைக்குச் சாயங்காலமே நானே கீழ இறங்கி, சவப்பெட்டி மேலருந்து என் கையால எடுத்தேன். வீடு அனாதையா கெடக்கக்கூடாது பாருங்க" என்றார்.

அண்ணனுக்குச் செபம் செய்யத் தங்கியவர்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உப்பில்லாமல் தின்ற முள்ளங்கி எல்லாம் தொண்டைக்கு வந்தது. அப்புறம் ஒன்று தோன்றியது. உயர்த்திய கையைக் கீழே இறக்கினேன். பெரியவரைப் பார்த்து, சத்தியத்துக்கு முன்னால் ஒரு சந்தேகம் ஐயா என்றேன். சவப்பெட்டி மேல் சாவியை வைப்பவள் கடனை இறக்கி வைக்கிறாள் என்கிறீர்கள். அந்தச் சாவியை அங்கிருந்து எடுப்பவர் எதை எடுத்துக்கொள்கிறார்?

பெரியவருக்குக் காது மந்தம் என்று சொன்னேன் அல்லவா? இது நன்றாகவே கேட்டது. தாடியைச் சொறிந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "எடுத்தவர் தலையில கடனும் சேர்ந்து ஏறும் பிரபு. அதான் வழக்கம். அதனாலதான் அன்னைக்குத் தூக்கினவங்க ஒருத்தரும் தொடல" என்றார்.

சுவரோரம் ஒரு சலசலப்பு. துணி வியாபாரி இரண்டடி முன்னால் வந்து, வோல்ராடை வணங்கி, ரொம்பப் பணிவாக, "அப்படின்னா இனிமே நாங்க ஐயாவைத்தான் பார்க்கணுமா" என்று கேட்டார். வோல்ராட் சிரிக்கப் பார்த்தார். அது குடியானவர்கள் வழக்கம், பிரபுக்களுக்குப் பொருந்தாது என்றார். பெரியவர் உடனே பிடித்துக்கொண்டார். "அண்ணிக்கு மட்டும் பொருந்துமோ? வழக்கத்தைத் தூக்கிட்டு வந்தது நீங்கதானே. பாதியைக் கீழே போட்டுட்டு வராதீங்க, முழுசாத் தூக்குங்க" என்றார். நான் சும்மா பத்திரமாக வைத்திருந்தேன் என்றார் வோல்ராட். கதவோரம் நின்ற உர்சல், யாரும் கேட்காமலே, "ரைன் மது எல்லாம் ரொம்பப் பத்திரமாத்தான் எறங்கிச்சு" என்றாள். அவளை அதட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர் விஷயத்தைச் சுருக்கினார். சாவி வோல்ராடிடம் இருந்தால் வீடும் பிள்ளையும் ஆட்சியும் கடனும் வோல்ராடுக்கு. வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடலாம். நடுவில் ஒன்று கிடையாது.

அக்கா, நான் ஏதோ சாமர்த்தியமாக மடக்கிவிட்டேன் என்று எல்லோரும் இப்போது சொல்கிறார்கள். அந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. வோல்ராட் சரி என்று சொல்லிவிட்டால்? அவருக்கு நிலம் இருக்கிறது, காடு இருக்கிறது, நினைத்தால் கட்டிவிடலாம். என் வாயாலேயே என் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கொத்தைப் பார்த்தார். பிறகு மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டார். குதிரைத் தரகர் தன் பங்கைச் சொன்னார். அடுத்தவர் சொன்னார். மூன்றாவது ஆள் சொல்ல ஆரம்பித்தபோதே வோல்ராட் மேஜைமேல் கிடந்த கொத்தை விரல் நுனியால் தன்னிடமிருந்து தள்ளிவிட்டார், சுடுகிற சட்டியைத் தள்ளுவது போல.

யாரும் அதைத் தொடவில்லை. நான் போய் எடுத்தேன்.

கடனோடு சேர்த்து எடுக்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெரியவர் வேதப் புத்தகத்தை மூடச் சொன்னார். "இனி எதுக்குச் சத்தியம்? வச்சது எப்படியோ, எடுத்ததை நாங்க எல்லாரும் பார்த்தோம்" என்றார். நான் இனி வேறு கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். யோஸ்டுக்குப் பதினெட்டு ஆகும்வரை இந்தச் சீமையை நானே ஆளவேண்டும் என்று தீர்ப்பு ஆனது. ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். வோல்ராட் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. குட்டிக் குதிரையையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று உர்சல் சமைத்ததில் உப்பு கரித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

கடன் கிடக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அடுத்த வருஷம் ஆற்றோரக் காட்டைக் குத்தகைக்கு விடுவேன். என் நகைகள் பிராங்க்பர்ட் போய்விட்டன, கல்யாணத்துக்கு நீ போட்ட சங்கிலி உட்பட. கோபித்துக்கொள்ளாதே. சுவீடன் ஆட்கள் மடத்திலிருந்து இன்னும் ஊருக்குள் வரவில்லை. மாவு ஆலைக்காரனும் மேய்ப்பர்களும் தண்ணீருக்குச் சண்டை போட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள், நாளை தீர்ப்புச் சொல்லவேண்டும். ஆட்சி என்றால் என்னவோ என்று நினைத்தேன். பாதிப் பொழுது யார் வாய்க்காலை யார் அடைத்தார்கள் என்பதுதான்.

இன்னொன்றையும் உனக்கு எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியவில்லை. வேறு யாரிடமும் சொல்ல ஆள் இல்லை.

விசாரணை முடிந்த மறுநாள் யோஸ்டுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் புது வளையம் தைத்துக் கொத்தை மாட்டியிருந்தேன். அவன் அதை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். இனிமேல் பார்த்து நட, அன்றைக்கு மாதிரி அங்கியில் தடுக்கி விழுந்து வைக்காதே என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அவன் சர்வ சாதாரணமாக, "நான் சும்மா விழலம்மா. நீங்க சாவிய வச்சீங்களா, போகப்போறீங்கன்னு நெனச்சு ஓடி வந்தேன். அப்பதான் விழுந்தேன்" என்றான். தோல் பதனிடுபவன் மனைவியின் கதையைத் தாதி அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். சாவியை வைக்கும் அம்மாக்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் இன்னொரு காலுறையையும் மாட்டிவிட்டேன். அவன் ஐந்து வயதுப் பிள்ளை, ஏதாவது மாற்றி ஞாபகம் வைத்திருப்பான். அப்படித்தான் இருக்கும்.

இப்போதெல்லாம் காலையில் கண் விழித்ததும் ஓடி வருகிறான். முத்தம் கொடுப்பதற்கு முன்னால் என் இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறான். கொத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளையாடப் போகிறான். ஒரு நாளும் தவறுவதில்லை.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும். உன் வாசலில் துக்க வண்டி வராமல் இருக்கட்டும். மேல் அறையை இனி எனக்காகக் காலியாக வைக்கவேண்டாம், உன் மூத்தவளுக்குக் கொடுத்துவிடு. கடல் தெரியும் அந்த ஜன்னல் படியில் அவள் உட்காரட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன் அக்கா. அந்த அறைக் கதவை மட்டும் ஒருபோதும் பூட்டாதே.

உன் தங்கை,
ஸிபில்லா